மியூசிக் தியரித் தேர்வு: காதுக்கு ஒன்று, எழுத்துக்கு வேறு

கேள்வி இதுதான்: ஆரம்பநிலை மியூசிக் தியரித் தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. கீபோர்டில் ஒரு பாட்டைக் கேட்டு வாசித்துவிட முடிகிறது. ஆனால் ஸ்டாஃபில் (நோட்டுகளை எழுதும் ஐந்து கோடுகள்) எழுதியதைப் படிக்க நேரமாகிறது. கீ சிக்னேச்சரும் (வரியின் தொடக்கத்தில் வரும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்) இன்டர்வலும் (இரண்டு நோட்டுக்கு இடையிலான தூரம்) குழப்புகின்றன, மாதிரித் தாளில் பாதி மதிப்பெண்தான் வருகிறது. எதில் தொடங்குவது, எதை மனப்பாடம் செய்வது?

கேட்டு வாசிக்கத் தெரிந்தவர் இந்தத் தாளில் மதிப்பெண்ணை விடுவது பெரும்பாலும் எழுத்துப் பிழையில்தான். அரம், அறம் இரண்டையும் பேச்சில் பலரும் ஒன்றுபோலவே சொல்கிறோம். எழுதும்போது ஒன்று கருவி, மற்றது தர்மம். எஃப் ஷார்ப்பும் (எஃப்-ஐ ஒரு கட்டை உயர்த்தியது) ஜி ஃபிளாட்டும் (ஜி-யை ஒரு கட்டை தாழ்த்தியது) அப்படித்தான். கீபோர்டில் அவை ஒரே கருப்புக் கட்டை, தாளில் இரண்டு வேறு எழுத்துகள். டி மேஜர் ஸ்கேலில் எஃப் ஷார்ப் எழுத வேண்டிய இடத்தில் ஜி ஃபிளாட் எழுதினால் வாசிப்பவர் சரியான கட்டையைத்தான் அழுத்துவார், திருத்துபவர் மதிப்பெண் தரமாட்டார். அதனால் கீழே வரும் எல்லாக் கணக்கிலும் ஒரே வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் எழுத்து, பிறகு ஷார்ப் அல்லது ஃபிளாட். கட்டைகளை எண்ணிவிட்டுப் பெயரைத் தேடுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

முதல் வாரத்தை ஒரே ஒரு சங்கிலிக்குக் கொடுத்துவிடலாம்:

ஏ – சி – இ – ஜி – பி – டி – எஃப் – (மீண்டும்) ஏ

ஏழு எழுத்துகளை ஒன்று விட்டு ஒன்றாகச் சொன்னால் கிடைக்கும் வரிசை இது. ஸ்டாஃபில் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனாலும், ஒரு இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனாலும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நகர்கிறீர்கள். க்ளெஃப் என்பது ஸ்டாஃபின் தொடக்கத்தில் நின்று கோடுகளின் பெயரைத் தீர்மானிக்கும் குறி; ட்ரெபிள் உயர்ந்த நோட்டுகளுக்கு, பேஸ் தாழ்ந்தவற்றுக்கு. ட்ரெபிள் க்ளெஃபின் ஐந்து கோடுகள் கீழிருந்து இ, ஜி, பி, டி, எஃப். நான்கு இடைவெளிகள் எஃப், ஏ, சி, இ. பேஸ் க்ளெஃபில் கோடுகள் ஜி, பி, டி, எஃப், ஏ. இடைவெளிகள் ஏ, சி, இ, ஜி. நான்கும் ஒரே சங்கிலியின் துண்டுகள். சங்கிலியில் அடுத்தடுத்த மூன்று கண்ணிகளை எடுத்தால் அது ஒரு ட்ரையட் (சேர்ந்து ஒலிக்கும் மூன்று நோட்), நான்கை எடுத்தால் செவன்த் கார்டு. இந்த ஏழு எழுத்தையும் மேலும் கீழும் எந்த எழுத்தில் தொடங்கினாலும் தடுமாறாமல் சொல்ல வரும்வரை சொல்லுங்கள். ஏபிசிடியை நேராகச் சொல்ல எல்லோருக்கும் வரும். பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள், அதையும் பழகிக்கொள்ளுங்கள். இறங்கும் ஸ்கேல் எழுதும்போது அதுதான் கைகொடுக்கும்.

கோடுகளின் பெயரை நினைவில் வைக்க ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் போட்டு வாக்கியம் கட்டும் வழக்கம் உண்டு. முதல் நாளுக்கு அது சரி, மூன்றாம் நாளுக்குமேல் அதுவே தடை. ஒவ்வொரு முறையும் கீழ்க்கோட்டிலிருந்தே வாக்கியத்தை ஓட்ட வேண்டும், நான்காம் கோட்டுக்கு நான்கு சொல் கடக்க வேண்டும். அதற்குப் பதிலாக சில நிலையான குறிகளை நட்டுவைத்துக்கொள்ளுங்கள். ட்ரெபிள் க்ளெஃபின் சுருள் சுற்றிக்கொள்ளும் இரண்டாம் கோடு ஜி. அந்தக் குறியே பழைய காலத்தில் ஜி என்ற எழுத்தாக இருந்து உருமாறியதுதான். பேஸ் க்ளெஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் நான்காம் கோடு எஃப், அந்தக் குறியும் எஃப் எழுத்தின் திரிபு. இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில், ட்ரெபிளுக்குக் கீழே ஒரு லெட்ஜர் கோட்டிலும் (ஸ்டாஃபுக்கு வெளியே போடும் குட்டிக் கோடு) பேஸுக்கு மேலே ஒரு லெட்ஜர் கோட்டிலும் நிற்பது மிடில் சி.

மிடில் சியை நடுவில் வைத்தால் மற்ற சிகள் கண்ணாடிப் பிம்பம்போல அமைகின்றன. ட்ரெபிளில் கீழிருந்து மூன்றாம் இடைவெளி சி, பேஸில் மேலிருந்து மூன்றாம் இடைவெளி சி. ட்ரெபிளுக்கு மேலே இரண்டாவது லெட்ஜர் கோடு சி, பேஸுக்குக் கீழே இரண்டாவது லெட்ஜர் கோடு சி. இந்த ஐந்து சிகளும் ஒரு ஜியும் ஒரு எஃப்பும் பதிந்துவிட்டால் ஆரம்பநிலைத் தாளில் வரும் எந்த நோட்டும் இவற்றிலிருந்து இரண்டு கண்ணி தள்ளித்தான் இருக்கும்.

ஒரு தாளில் இஷ்டத்துக்கு இருபது நோட்டுகளை எழுதி, பெயர் சொல்லி, நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் இருபதும் சரியாக வந்தால் தேர்வுக்கு அது போதுமான வேகம். ட்ரெபிளும் பேஸும் கலந்து எழுதுங்கள், ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் இரண்டாவது எப்போதும் நொண்டும். பேஸை ட்ரெபிள் என்று நினைத்துப் படித்துவிடுவதுதான் மிகச் சாதாரணமான பிழை. ஒரே இடத்தில் நிற்கும் நோட், பேஸில் சங்கிலியின் அடுத்த கண்ணியாக இருக்கும்: ட்ரெபிளில் இ என்றால் பேஸில் ஜி. விடையைச் சரிபார்க்க இது உதவும், படிப்பதற்கான வழியாக இதைப் பழகவேண்டாம். ஒவ்வொரு நோட்டையும் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இனி நீளம். செமிபிரீவ் 4 பீட், மினிம் 2, க்ரோச்செட் 1, க்வேவர் அரை, செமிக்வேவர் கால். சில பாடத்திட்டங்களில் இவற்றையே ஹோல் நோட், ஹாஃப் நோட், குவார்ட்டர் நோட், எய்த் நோட், சிக்ஸ்டீன்த் நோட் என்பார்கள். உங்கள் தேர்வு எந்தப் பெயரைக் கேட்கிறது என்று பார்த்து அதையே பயன்படுத்துங்கள், விடைத்தாளில் இரண்டையும் கலக்க வேண்டாம். நோட்டுக்குப் பக்கத்தில் வரும் புள்ளி அதன் நீளத்தில் பாதியைக் கூட்டும். புள்ளி வைத்த மினிம் 3 பீட், புள்ளி வைத்த க்ரோச்செட் ஒன்றரை, புள்ளி வைத்த க்வேவர் முக்கால். அதே புள்ளி நோட்டுக்கு மேலேயோ கீழேயோ வந்தால் அது ஸ்டக்காட்டோ, நோட்டைத் துண்டித்து வாசிக்கச் சொல்வது. நீளக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஓய்வுக் குறிகளில் செமிபிரீவும் மினிமும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. செமிபிரீவ் ஓய்வு நான்காம் கோட்டிலிருந்து தொங்கும், மினிம் ஓய்வு மூன்றாம் கோட்டின்மேல் உட்காரும். கனமானது தொங்குகிறது, லேசானது உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: முழு பாருக்கும் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) ஓய்வு என்றால் மூன்று பீட் பாராக இருந்தாலும் செமிபிரீவ் ஓய்வையே போடுவது வழக்கம். மூன்று பீட் பாரில் அதைக் கண்டு ‘நான்கு பீட் ஓய்வு, பிழை’ என்று குறித்துவிடாதீர்கள்.

டைம் சிக்னேச்சரில் (தொடக்கத்தில் 3/4 போல வரும் எண்கள்) மேல் எண் ஒரு பாரில் எத்தனை என்பதையும், கீழ் எண் எந்த நோட் என்பதையும் சொல்கிறது. கீழே 2 என்றால் மினிம், 4 என்றால் க்ரோச்செட், 8 என்றால் க்வேவர். இதுவரை எளிது. மதிப்பெண் போகும் இடம் 3/4-க்கும் 6/8-க்கும் உள்ள வேறுபாடு. இரண்டிலும் ஒரு பாரில் ஆறு க்வேவர் அடங்கும், கூட்டல் கணக்கு ஒன்றே. ஆனால் 3/4-இல் அவை இரண்டிரண்டாக மூன்று பீட், 6/8-இல் மும்மூன்றாக இரண்டு பீட். 6/8-இல் பீட் என்பது புள்ளி வைத்த க்ரோச்செட். ‘இந்த வரிக்கு டைம் சிக்னேச்சர் எழுதுக’ என்று வந்தால் முதலில் க்வேவர்களைக் கூட்டுங்கள், ஆறு வந்தால் உடனே எழுதிவிடாமல் பீம்களை (க்வேவர்களை இணைக்கும் தடித்த கோடுகள்) பாருங்கள். மூன்று மூன்றாகக் கட்டியிருந்தால் 6/8. ஆறும் ஒரே பீமில் இருந்தால் 3/4 ஆகத்தான் இருக்கும், ஏனென்றால் 6/8-இல் பாரின் நடுவைத் தாண்டிப் பீம் போடக்கூடாது. 4/4-இலும் அதே ஒழுங்கு: முதல் இரண்டு பீட்டின் நான்கு க்வேவர்களைச் சேர்த்துக் கட்டலாம், கடைசி இரண்டு பீட்டையும் அப்படியே கட்டலாம், இரண்டாம் பீட்டிலிருந்து மூன்றாம் பீட்டுக்குக் கட்டக்கூடாது.

பாரை ஓய்வால் நிரப்பச் சொன்னால் மிச்சத்தை மொத்தமாகக் கணக்கிட்டுப் பெரிய குறியாகப் போடும் ஆசை வரும். தொடங்கிய பீட்டை முதலில் முடிக்க வேண்டும். 4/4 பாரில் ஒரே ஒரு க்வேவர் மட்டும் எழுதியிருக்கிறது என்றால், க்வேவர் ஓய்வு போட்டு முதல் பீட்டை மூடுங்கள், க்ரோச்செட் ஓய்வு போட்டு இரண்டாம் பீட்டை மூடுங்கள், பிறகு மூன்றும் நான்கும் சேர்ந்து ஒரு மினிம் ஓய்வு. மூன்றரை பீட்டை இந்த வரிசையில்தான் எழுத வேண்டும். இரண்டாம், மூன்றாம் பீட்டுகளின் மேல் ஒரே மினிம் ஓய்வைப் போட்டால் கூட்டல் சரியாக இருந்தாலும் பிழை, பாரின் நடு மறைந்துவிடுகிறது. பாட்டு முழு பாருக்கு முன்பே ஓரிரு நோட்டில் தொடங்கினால் கடைசி பாரில் அந்த அளவு குறைந்திருக்கும். முதல் துண்டும் கடைசித் துண்டும் சேர்ந்து ஒரு பார். விடுபட்ட பார்கோடுகளைப் போடும் கேள்வியில் இதை மறந்தால் எல்லாக் கோடும் இடம் மாறிவிடும்.

தாளத்தைக் கணக்காக மட்டும் செய்யாமல் கை தட்டிச் சொல்லிப் பாருங்கள். 6/8 வரியை 3/4 ஆகத் தட்டினால் அழுத்தம் எங்கோ போய் விழும், அதைக் காது உடனே பிடித்துவிடும். உங்களுக்குக் காது நன்றாக வேலை செய்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ள இந்தப் பகுதி சரியான இடம்.

கையெழுத்துக்கும் மதிப்பெண் உண்டு. நடுக்கோட்டுக்குக் கீழே உள்ள நோட்டுக்குத் தண்டு வலப்பக்கம் மேல்நோக்கி, மேலே உள்ளதற்கு இடப்பக்கம் கீழ்நோக்கி. நடுக்கோட்டில் இருந்தால் பெரும்பாலும் கீழே. தண்டின் நீளம் ஏறக்குறைய ஒரு ஆக்டேவ் (ஒரு எழுத்திலிருந்து அடுத்த அதே எழுத்து வரையுள்ள தூரம்). க்வேவரின் கொடி, தண்டு எந்தப் பக்கம் போனாலும், எப்போதும் வலப்பக்கம்தான் பறக்கும். ஷார்ப், ஃபிளாட் குறிகளைப் பேச்சில் நோட்டுக்குப் பின்னால் சொல்கிறோம், எழுதும்போது நோட்டுக்கு முன்னால் வைக்க வேண்டும், அதுவும் அதே கோட்டிலோ இடைவெளியிலோ நடுவே உட்கார வேண்டும். கோட்டின்மேல் உள்ள நோட்டின் புள்ளியை அடுத்த மேல் இடைவெளியில் வையுங்கள், கோட்டில் வைத்தால் தெரியாது.

பாருக்குள் வரும் ஷார்ப்போ ஃபிளாட்டோ அந்த பார் முடியும்வரை, அதே உயரத்தில் உள்ள நோட்டுக்கு மட்டும் செல்லும். ஆக்டேவ் மாறினால் செல்லாது. பார்கோட்டைத் தாண்டினால் செல்லாது, டையால் (ஒரே உயரமுள்ள இரண்டு நோட்டை இணைக்கும் வளைகோடு) கட்டியிருந்தால் அந்த ஒரு நோட்டுக்கு மட்டும் தொடரும். கீ சிக்னேச்சரில் உள்ளதோ எல்லா ஆக்டேவுக்கும் பொருந்தும். இந்த இரண்டையும் மாற்றிப் பொருத்துகிறவர்கள் நிறையப்பேர்.

செமிடோன் என்றால் வெள்ளையோ கருப்போ அடுத்த கட்டை, டோன் என்றால் இரண்டு செமிடோன். மேஜர் ஸ்கேல்: டோன், டோன், செமிடோன், டோன், டோன், டோன், செமிடோன். இதைவிடச் சுருக்கமாக, செமிடோன் 3-4க்கு இடையிலும் 7-8க்கு இடையிலும் மட்டுமே. வெள்ளைக் கட்டைகளில் இயல்பாகவே செமிடோன் இருப்பது இ-எஃப், பி-சி இரண்டு இடத்தில்தான், நடுவே கருப்புக் கட்டை இல்லை. எழுதும் முறை: முதலில் எட்டு எழுத்தையும் குறி எதுவும் இல்லாமல் வரிசையாக எழுதுங்கள். பிறகு 3-4, 7-8 செமிடோனாகும்படி குறிகளைச் சேருங்கள். எழுத்து எதுவும் விடுபடாது, எதுவும் இரண்டு முறை வராது. ஒரே ஸ்கேலில் ஏ-யும் ஏ ஷார்ப்பும் சேர்ந்து வந்தால் எங்கோ பிசகிவிட்டது.

கீ சிக்னேச்சரில் ஷார்ப்புகள் வரும் வரிசை எஃப், சி, ஜி, டி, ஏ, இ, பி. ஃபிளாட் வரிசை அதன் தலைகீழ்: பி, இ, ஏ, டி, ஜி, சி, எஃப். ஒரே வரிசையைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். படிக்கும்போது, ஷார்ப் கீயில் கடைசி ஷார்ப்புக்கு ஒரு செமிடோன் மேலே மேஜர் கீயின் பெயர்: கடைசி ஷார்ப் ஜி என்றால் ஏ மேஜர். ஃபிளாட் கீயில் கடைசிக்கு முந்தைய ஃபிளாட்டே கீயின் பெயர். ஒரே ஃபிளாட் உள்ள எஃப் மேஜருக்கு மட்டும் முந்தையது இல்லை, அதைத் தனியாக நினைவில் வையுங்கள்.

எழுதும்போது எத்தனை குறி என்று தெரியவேண்டும். ஷார்ப் பக்கம்: சி 0, ஜி 1, டி 2, ஏ 3, இ 4, பி 5. இந்த ஆறையும் கற்றால் ஃபிளாட் பக்கம் தானாக வரும். ஒரே எழுத்தின் ஃபிளாட் கீயில் எத்தனை ஃபிளாட் என்று அறிய 7-இலிருந்து கழியுங்கள். டி மேஜருக்கு 2 ஷார்ப், டி ஃபிளாட் மேஜருக்கு 5 ஃபிளாட். ஏ மேஜருக்கு 3, ஏ ஃபிளாட்டுக்கு 4. பி மேஜருக்கு 5, பி ஃபிளாட்டுக்கு 2. எஃப்-க்கு 1 ஃபிளாட், எஃப் ஷார்ப்புக்கு 6 ஷார்ப், அங்கேயும் கூட்டு 7. காரணம் எளிது: ஏழு எழுத்தையும் ஒரு செமிடோன் இறக்கினால் ஏழு ஃபிளாட் சேரவேண்டும், ஏற்கெனவே ஷார்ப்பாக இருந்தவை அதில் ஷார்ப்பை மட்டும் இழந்து நேச்சுரலாகிவிடும் (ஷார்ப்போ ஃபிளாட்டோ இல்லாத நோட்).

குறிகளின் இடத்தையும் விரலுக்குப் பழக்க வேண்டும். ட்ரெபிளில் முதல் ஷார்ப் எஃப் மேல்கோட்டில், சி மூன்றாம் இடைவெளியில், ஜி மேல்கோட்டுக்கு மேலே, டி நான்காம் கோட்டில், ஏ இரண்டாம் இடைவெளியில், இ நான்காம் இடைவெளியில், பி நடுக்கோட்டில். ஃபிளாட்: பி நடுக்கோடு, இ நான்காம் இடைவெளி, ஏ இரண்டாம் இடைவெளி, டி நான்காம் கோடு, ஜி இரண்டாம் கோடு, சி மூன்றாம் இடைவெளி, எஃப் முதல் இடைவெளி. பேஸில் இதே வடிவத்தை ஒரு கோடு கீழே இறக்கினால் போதும். தினம் ஒரு தடவை இரண்டு க்ளெஃபிலும் ஏழு ஷார்ப், ஏழு ஃபிளாட் எழுதுங்கள், மூன்று நிமிட வேலை.

அதே கீ சிக்னேச்சர் உள்ள மைனருக்கு (ரிலேட்டிவ் மைனர்), மேஜரின் பெயரிலிருந்து மூன்று செமிடோன் கீழே, ஆனால் எழுத்தில் இரண்டு படி கீழே. ஜி மேஜருக்கு இ மைனர், இ ஃபிளாட் மேஜருக்கு சி மைனர். ஏ மேஜரின் ரிலேட்டிவ் மைனரை ஜி ஃபிளாட் மைனர் என்று எழுதினால் அதே பழைய எழுத்துப்பிழை, அது எஃப் ஷார்ப் மைனர். நேச்சுரல் மைனர் கீ சிக்னேச்சரில் உள்ளபடியே. ஹார்மோனிக் மைனரில் ஏழாவது நோட்டை ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு செமிடோன் உயர்த்த வேண்டும், அதனால் ஆறுக்கும் ஏழுக்கும் இடையே மூன்று செமிடோன் இடம் விழும். மெலோடிக்கில் ஏறும்போது ஆறும் ஏழும் உயரும், இறங்கும்போது இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பும்.

‘உயர்த்து’ என்றால் ஷார்ப் போடு என்று அர்த்தம் இல்லை. சி மைனரில் ஏழாவது பி ஃபிளாட், உயர்த்தினால் பி நேச்சுரல். ஜி ஷார்ப் மைனரில் ஏழாவது ஏற்கெனவே எஃப் ஷார்ப், உயர்த்தினால் எஃப் டபுள் ஷார்ப் (இரண்டு செமிடோன் உயர்ந்த எஃப்), ஜி நேச்சுரல் அல்ல. மெலோடிக்கில் இறங்கும்போது குறியை ரத்துசெய்யவும் மறக்காதீர்கள், ஏறும் ஸ்கேலும் இறங்கும் ஸ்கேலும் ஒரே பாரில் இருந்தால் முன்பு போட்ட குறி இன்னும் உயிரோடிருக்கும்.

ஒரு மெலடி மேஜரா மைனரா என்று கேட்டால், மேஜரின் ஐந்தாவது நோட் உயர்த்தப்பட்டிருக்கிறதா பாருங்கள். அதுதான் ரிலேட்டிவ் மைனரின் ஏழாவது. ஒரு ஃபிளாட் கீ சிக்னேச்சர், நடுவில் சி ஷார்ப் தலைகாட்டுகிறது, கடைசி நோட் டி என்றால் டி மைனர்தான்.

இன்டர்வல்தான் உங்கள் தாளில் அதிகம் இழக்கும் இடமாக இருக்கும், மைனரோடு சேர்த்து இதற்கு ஒன்றரை வாரம் ஒதுக்கலாம். பலரும் செமிடோனை எண்ணி அட்டவணையில் தேடுகிறார்கள்: மேஜர் தேர்ட் 4, பெர்ஃபெக்ட் ஃபோர்த் 5, பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் 7, இப்படி. விரலால் எண்ணும்போது ஒன்று தவறினால் எல்லாம் தவறு, எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பெயர் தவறலாம். சி-யிலிருந்து இ ஃபிளாட் 3 செமிடோன், சி-யிலிருந்து டி ஷார்ப்பும் 3 செமிடோன். முன்னது மைனர் தேர்ட், பின்னது ஆக்மென்டட் செகண்ட். எழுத்தை எண்ணியிருந்தால் இந்தச் சிக்கலே வராது.

வழி இது. கீழ் நோட்டையும் மேல் நோட்டையும் சேர்த்து எழுத்தை எண்ணுங்கள், தொடக்க எழுத்துக்கும் ஒன்று. சி-யிலிருந்து இ: சி, டி, இ, ஆக தேர்ட். பிறகு குறிகளை விரலால் மறைத்துவிட்டு வெள்ளைக் கட்டை இன்டர்வலின் தன்மையைச் சொல்லுங்கள். அதற்கு மனப்பாடம் செய்ய வேண்டியவை மிகக் குறைவு. செகண்டில் இ-எஃப், பி-சி மட்டும் மைனர், மற்றவை மேஜர். தேர்டில் சி-இ, எஃப்-ஏ, ஜி-பி மேஜர், மற்றவை மைனர். ஃபோர்த் எல்லாம் பெர்ஃபெக்ட், எஃப்-பி மட்டும் ஆக்மென்டட். ஃபிஃப்த் எல்லாம் பெர்ஃபெக்ட், பி-எஃப் மட்டும் டிமினிஷ்ட். சிக்ஸ்தும் செவன்தும் புரட்டிப்போட்டால் கிடைக்கும்: தலைகீழாக்கிய இரண்டின் எண்களும் சேர்ந்து 9, மேஜர் மைனராகும், ஆக்மென்டட் டிமினிஷ்டாகும், பெர்ஃபெக்ட் அப்படியே நிற்கும். சி-இ மேஜர் தேர்ட் என்றால் இ-சி மைனர் சிக்ஸ்த். ஆகவே சிக்ஸ்தில் இ-சி, ஏ-எஃப், பி-ஜி மைனர், மற்றவை மேஜர். செவன்தில் சி-பி, எஃப்-இ மேஜர், மற்றவை மைனர்.

இப்போது விரலை எடுத்துக் குறிகளைப் பாருங்கள். மேல் நோட் உயர்ந்தாலும் கீழ் நோட் தாழ்ந்தாலும் இன்டர்வல் ஒரு செமிடோன் அகலும். மேல் நோட் தாழ்ந்தாலும் கீழ் நோட் உயர்ந்தாலும் குறுகும். இரண்டுக்கும் ஒரே குறி என்றால் மாற்றமே இல்லை, ஜி ஷார்ப்–டி ஷார்ப் என்று பயமுறுத்தினாலும் அது வெறும் ஜி-டி, பெர்ஃபெக்ட் ஃபிஃப்த். அகலும்போது மைனர் மேஜராகி, பிறகு ஆக்மென்டட் ஆகும். குறுகும்போது மேஜர் மைனராகி, பிறகு டிமினிஷ்ட் ஆகும். பெர்ஃபெக்ட் நடுவில் நிற்காமல் நேராக ஆக்மென்டட் அல்லது டிமினிஷ்டுக்குப் போய்விடும். ‘மைனர் ஃபிஃப்த்’ என்று ஒன்று கிடையாது.

மூன்று எடுத்துக்காட்டு. டி-யிலிருந்து பி ஃபிளாட்: எழுத்து ஆறு, டி-பி மேஜர் சிக்ஸ்த், மேல் நோட் தாழ்ந்ததால் குறுகியது, மைனர் சிக்ஸ்த். எஃப் ஷார்ப்பிலிருந்து சி: எழுத்து ஐந்து, எஃப்-சி பெர்ஃபெக்ட், கீழ் நோட் உயர்ந்ததால் குறுகியது, டிமினிஷ்ட் ஃபிஃப்த். இ ஃபிளாட்டிலிருந்து ஏ: எழுத்து நான்கு, இ-ஏ பெர்ஃபெக்ட், கீழ் நோட் தாழ்ந்ததால் அகன்றது, ஆக்மென்டட் ஃபோர்த். கடைசி இரண்டும் 6 செமிடோன்தான், கட்டையை எண்ணியவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். நாளுக்குப் பதினைந்து இன்டர்வல் பெயரிடுங்கள், ஐந்து எழுதுங்கள். எழுதுவது கூடுதல் கடினம், ஆனால் அதுதான் பிழையைச் சீக்கிரம் வெளியே கொண்டுவரும்.

தேர்டும் ஃபிஃப்தும் தெரிந்தபின் ட்ரையடில் புதிதாக ஒன்றும் இல்லை. மேஜர் என்றால் கீழே மேஜர் தேர்ட், மேலே மைனர் தேர்ட். மைனர் அதன் மாற்று. இரண்டும் மைனர் தேர்ட் என்றால் டிமினிஷ்ட், இரண்டும் மேஜர் என்றால் ஆக்மென்டட். வெள்ளைக் கட்டையில் சி, எஃப், ஜி-மேல் எழும்புவது மேஜர், டி, இ, ஏ-மேல் மைனர், பி-மேல் டிமினிஷ்ட். இன்வர்ஷனில் (நோட்டுகளின் அடுக்கு மாறிய ட்ரையட்) அடியில் நிற்கும் நோட்டை ரூட் (ட்ரையடுக்குப் பெயர் தரும் நோட்) என்று நினைப்பது பொதுவான பிழை. நோட்டுகளைச் சங்கிலிக்குள் அடுக்கிப் பாருங்கள்: அடியிலிருந்து பி, டி, ஜி என்றால் சங்கிலியில் அது ஜி-பி-டி, ரூட் ஜி, அடியில் தேர்ட் இருப்பதால் ஃபர்ஸ்ட் இன்வர்ஷன். அடியில் ஃபிஃப்த் இருந்தால் செகண்ட் இன்வர்ஷன்.

இத்தாலியச் சொற்களுக்குத் தனி நேரம் ஒதுக்கத் தேவையில்லை, தினம் ஐந்து போதும். அகரவரிசைப் பட்டியலாகப் படிக்காமல் ஏணியாக அடுக்குங்கள்: லார்கோ, அடாஜியோ, அந்தாந்தே, மொடராட்டோ, அலெக்ரோ, பிரெஸ்டோ என்று மெதுவிலிருந்து வேகத்துக்கு. சத்தத்துக்கு பியானிஸ்ஸிமோ, பியானோ, மெட்ஸோ பியானோ, மெட்ஸோ ஃபோர்ட்டே, ஃபோர்ட்டே, ஃபோர்ட்டிஸ்ஸிமோ. மெட்ஸோ பியானோ பியானோவைவிடச் சத்தம் கூடுதல், இதில் தடுக்கி விழுகிறவர் உண்டு. மோல்ட்டோ (மிக), போக்கோ (கொஞ்சம்), நோன் ட்ரோப்போ (ரொம்ப வேண்டாம்), கோன் (உடன்), சென்ஸா (இல்லாமல்) போன்ற குட்டிச் சொற்களைப் பிடித்துவிட்டால் பாதித் தொடர்கள் தாமே பிரிந்து பொருள் தரும். கிரெஷெண்டோவுக்கு ‘சத்தமாக’ என்று எழுதினால் முழு மதிப்பெண் வராது. ‘படிப்படியாகச் சத்தத்தைக் கூட்டி’ என்று எழுத வேண்டும். வளைகோடு ஒரே உயரமுள்ள அடுத்தடுத்த இரண்டு நோட்டை இணைத்தால் டை, வெவ்வேறு உயரத்தை அணைத்தால் ஸ்லர்.

ஐந்து வாரத்தை இப்படிப் பங்கிடலாம்: முதல் வாரம் சங்கிலியும் நோட் வாசிப்பும், இரண்டாவதில் தாளமும் மேஜர் ஸ்கேலும் கீ சிக்னேச்சரும், மூன்றும் நான்கின் பாதியும் மைனரோடு இன்டர்வல், மிச்சத்தில் ட்ரையட், ஐந்தாவது முழுக்க மாதிரித் தாள்கள். நாளுக்கு அரைமணி போதும், ஆனால் நாள் தவறக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்பது நடக்காது, நோட் வாசிப்பு நாலு நாள் தொடாவிட்டால் மங்கிவிடும். மாதிரித் தாளைத் திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணைவிடப் பிழை எந்த இனம் என்று பாருங்கள்: க்ளெஃப் மறந்ததா, கீ சிக்னேச்சரை மறந்ததா, எழுத்து எண்ணியதில் தவறா. மூன்று தாளிலும் ஒரே இனம் வந்தால் மறுநாள் அரைமணியை அதற்கே கொடுங்கள். கடைசி வாரத்தில் கீபோர்டை மூடிவைத்துவிட்டுப் பயிலுங்கள். தேர்வறையில் வெறும் தாள்தான் இருக்கும், வேண்டுமானால் ஓரத்தில் ஒரு ஆக்டேவ் கட்டைகளை வரைந்துகொள்ளலாம்.

தேர்வில் தாள் கையில் வந்ததும் கேள்வியைப் படிக்குமுன் ஓரத்தில் மூன்று வரி எழுதிவிடுங்கள்: எஃப்-சி-ஜி-டி-ஏ-இ-பி, அதன்கீழ் ‘சி 0, ஜி 1, டி 2, ஏ 3, இ 4, பி 5’, அடுத்து இன்டர்வல் விதிவிலக்குகள். அரை நிமிடம்தான் ஆகும். பதற்றத்தில் முதலில் நழுவுவது இவைதான். ஒவ்வொரு கேள்வியிலும் எழுதத் தொடங்குமுன் க்ளெஃபைத் தொட்டுப் பாருங்கள், நடுவரியில் க்ளெஃப் மாறியிருக்கவும் கூடும். இன்டர்வல் கேள்வியில் குறிகள் நோட்டின் பக்கத்தில் மட்டும் இருக்கும் என்றில்லை, வரியின் தொடக்கத்தில் உள்ள கீ சிக்னேச்சரிலும் இருக்கும்.

விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைத் தாளாக இருந்தால், தவறான விடைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று பெரும்பாலும் அதே ஒலியின் இன்னொரு எழுத்து, ஒன்று க்ளெஃபை மாற்றிப் படித்தால் வரும் விடை, ஒன்று ரிலேட்டிவ் மைனரோ மேஜரோ. அதனால் முதலில் தேர்வுகளைக் கையால் மறைத்துவிட்டு உங்கள் விடையை ஓரத்தில் எழுதுங்கள், பிறகு கையை எடுத்து அது அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள்.